உயிரூட்டும் கலையும் பல்கலைக்கழகக் கல்வியும்

கலையைப் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கலாமா என்ற வினா பழையது. சிற்பியின் மகன் உளியோடு வளர்ந்தான். இசை பயின்றவன் குருவின் இல்லத்திற் பல்லாண்டு பணிவிடை செய்து பாடங்கேட்டான். கூத்தாடியவன் அண்ணாவியாரின் கீழ் ஆடிப் பழகினான். பட்டமும் பரீட்சையும் இல்லாதிருந்த அக்காலத்திற் கற்றலும் தொழில் செய்தலும் ஒன்றாகவே இருந்தன. கலை பல்கலைக்கழக வாயிலுட் புகுந்தபோது அவை இரண்டாயின. அப்பிரிவிலிருந்து எழுந்த வினாவே கலைத்துறை மாணவர் ஒவ்வொருவர் முன்னும் இன்று நிற்கின்றது. பட்டம் பெற்று வெளியேறுபவர் தொழிலுக்கு ஆயத்தமானவர்தாமா? தொழிலுக்கு ஆயத்தஞ் செய்து அனுப்புவது மட்டுந்தானா பல்கலைக்கழகத்தின் பணி?

இவ்வினாவை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது அனிமேசன் எனப்படும் இயங்குபடக்கலையாகும். அது கலைகளுள் இளையது. பெருமுதலீட்டுத் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்தது. இயந்திரம் மாறுந்தோறும் தானும் மாறுவது. ஆகவே, ஏனைய துறைகளில் மெல்ல நிகழும் மாற்றங்கள் இத்துறையில் ஒரு தலைமுறைக்குள்ளேயே நிகழ்ந்து முடிவதைக் காணலாம். இக்கலை உயர்கல்விக் கற்கைநெறியாக உருப்பெற்ற வரலாற்றிற் கலிபோர்னியா கலைநிறுவனத்தின் கதை தனித்து நோக்கத்தக்கது.

கதைக்குட் புகுமுன் இத்தொழிலின் இயல்பைச் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். திரையில் ஒரு செக்கனில் 24 சட்டகங்கள் ஓடுகின்றன. 1937 இல் வெளிவந்த ‘ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளர்களும்’ என்ற படம் 83 நிமிடம் ஓடுவது. கணக்கிட்டால் ஏறத்தாழ 1,20,000 சட்டகங்கள். ஒரே சித்திரத்தை இரு சட்டகங்களுக்குப் பயன்படுத்தும் வழக்கம் உண்டெனினும், ஒரு சட்டகத்திற் பல பாத்திரங்கள் தோன்றுமிடத்து உழைப்பு அத்தனை மடங்காகப் பெருகும். இவ்வுழைப்பைப் பகிர்ந்துகொள்வதற்கென ஒரு படிமுறை ஏற்பட்டது. அசைவின் முதன்மையான நிலைகளைத் தேர்ந்த கலைஞர் வரைவார். இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட சித்திரங்களை உதவியாளர் வரைவார். இடைச்சித்திரம் வரைந்து வரைந்தே உதவியாளர் கலைஞரானார். குருகுலத்தின் சாயல் நவீனத் தொழிற்கூடத்தினுள்ளே இவ்வாறு நிலைபெற்றது.

கை மேலெழுவதாக வரைவது கடினமன்று. அக்கை தயங்கி எழுகின்றதா, ஆத்திரத்தோடு எழுகின்றதா என்பதைக் காண்போர் சொல்லின்றி உணருமாறு வரைவதிலேயே இக்கலை தங்கியுள்ளது. உள்ளத்துணர்வு உடலின் வழியே புலப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கெனத் தனியோர் இயலையே வகுத்தது தொல்காப்பியம். நடிகருக்கு மெய் இயல்பாகவே வாய்த்துள்ளது. இயங்குபடக் கலைஞரோ மெய்யையும் தாமே வரைந்து, அதன்மேல் மெய்ப்பாட்டையும் ஏற்றவேண்டியவர். நிறையும் எலும்புமற்ற ஒரு கோட்டுருவம் களைத்திருப்பதாகவோ நாணுவதாகவோ தோன்றவேண்டுமாயின், களைப்பையும் நாணத்தையும் அவர் நெடுநேரம் அவதானித்திருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் வோல்ட் டிஸ்னி. 1929 அளவில் அவர் தம் சித்திரக்காரரை மாலை வேளைகளில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சுனார்ட் கலைக்கல்லூரிக்கு அழைத்துச் சென்றார். கட்டணஞ் செலுத்த வசதியற்றிருந்த அந்நிலையில், கல்லூரியை நிறுவிய நெல்பேர்ட் சுனார்ட் அம்மையார் அவர்களைக் கடனுக்கே சேர்த்துக்கொண்டார். 1932 இல் அக்கல்லூரி ஆசிரியரான டொன் கிரகாம் தொழிற்கூடத்துக்கே வந்து வகுப்பு நடத்தத் தொடங்கினார். உயிருள்ள மனிதரை முன்னிருத்தி வரைதல், விலங்குகளின் நடையை நுணுகி நோக்குதல், நடிப்பை ஆராய்தல் ஆகியன அங்குப் பாடங்களாயின. 1930களின் இறுதியில் வெளிவந்த படங்களின் முன்னேற்றத்துக்கு இவ்வகுப்புகள் பெரிதும் காரணமாயின எனலாம். தொழிலை வளர்க்க விரும்பிய ஒருவர் முதலில் நாடியது கல்வியையே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1961 இல் சுனார்ட் கல்லூரியும் லொஸ் ஏஞ்சல்ஸ் இசைக்கல்லூரியும் இணைக்கப்பட்டுக் கலிபோர்னியா கலைநிறுவனம் உருவாயிற்று. ஓவியம், இசை, நடனம், நாடகம், திரைப்படம் ஆகியவற்றைப் பயில்வோர் ஒரே கூரையின் கீழ் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவேண்டுமென்பது டிஸ்னியின் கனவு. 1966 டிசம்பரில் அவர் காலமானார். 1971 இல் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கேயுள்ள வலென்சியாவில் நிறுவனத்தின் நிலையான வளாகம் திறக்கப்பட்டது.

இந்நிறுவனத்தில் இயங்குபடம் இரு துறைகளாகக் கற்பிக்கப்படலாயிற்று. முதலாவது 1970 இல் ஜூல்ஸ் எங்கல் தொடங்கிய பரிசோதனை இயங்குபடத் துறை. ஹங்கேரியிற் பிறந்த எங்கல் டிஸ்னியின் ‘பன்ராசியா’வில் நடனக் காட்சிகளில் உழைத்தவர், தாமும் அரூப ஓவியர். மாணவர் ஒவ்வொருவரும் தமக்கேயுரிய வெளிப்பாட்டைக் கண்டடையவேண்டுமென்பது அவர் கொள்கை. இரண்டாவது 1975 இல் டிஸ்னி நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கிய பாத்திர இயங்குபடத் துறை. டிஸ்னியின் தலைசிறந்த கலைஞர்கள் முதுமையெய்திக்கொண்டிருந்தனர். அவர்களது இடத்தை நிரப்பப் புதியவர் இல்லை. அக்குறையைத் தீர்த்தற்கென்றே இத்துறை உருவாக்கப்பட்டது. ஒன்று கலைஞனின் சுதந்திரத்தை முன்வைத்தது. மற்றையது தொழிலின் தேவையை முன்வைத்தது. பல்கலைக்கழகக் கல்வி பற்றிய விவாதம் முழுவதும் ஒரே கட்டடத்தினுள் அருகருகே குடியிருந்தது போலும்.

பாத்திர இயங்குபடத் துறைக்குப் பொறுப்பாயிருந்தவர் டொனால்ட் டக் குறும்படங்களை நெறிப்படுத்திய ஜாக் ஹனா. காட்சியமைப்பைக் கென் ஓகொனரும், உருவரைதலை எல்மர் பிளமரும், கேலியுருவத்தை ரி. ஹீயும், வடிவமைப்பைப் பில் மூரும் கற்பித்தனர். தொழிலில் முதிர்ந்த இவ்வாசிரியர்கள் கருவிகளைக் கையாளுதலோடு நின்றுவிடவில்லை. பார்வையைப் பழக்குதலே அவர்களது பாடங்களின் அடிப்படையாயிருந்தது. தொடக்க ஆண்டுகளின் மாணவருள் ஜோன் லாசெற்றர், பிராட் பேர்ட், ஜோன் மஸ்கர், ரிம் பேர்ட்டன் ஆகியோர் இருந்தனர். மஸ்கர் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றுவிட்டு வந்தவர். அவர்கள் கற்ற வகுப்பறையின் இலக்கமான ‘ஏ 113’, பின்னாளில் அவர்கள் ஆக்கிய படங்களில் ஊர்தியின் இலக்கத் தகடாகவும் வேறு குறியீடுகளாகவும் இடம்பெற்று வருகின்றது. ‘ரோய் ஸ்ரோறி’யிற் சிறுவனின் தாய் ஓட்டும் காரிலும் அவ்விலக்கம் உண்டு. ஒரு வகுப்பறைக்கு அதன் மாணவர் இவ்வாறு நன்றி பாராட்டுவது அரிது.

இவ்வளவில் நின்றுவிட்டால் இது வெற்றிக்கதையாகவே முடியும். ஆனால் பட்டம் பெற்றபின் நிகழ்ந்தவையே ஆராயத்தக்கவை. லாசெற்றர் மாணவப் பருவத்தில் ஆக்கிய ‘சீமாட்டியும் விளக்கும்’ என்ற படம் 1979 இலும், ‘கெட்ட கனவு’ என்ற படம் 1980 இலும் மாணவருக்கான அகடமிப் பரிசில்களைப் பெற்றன. டிஸ்னியிற் பணியாற்றும் பேறும் அவருக்குக் கிட்டியது. கணனியைப் பயன்படுத்திப் பின்னணிகளை அமைக்கலாமென அவர் முன்வைத்த திட்டம் ஏற்கப்படவில்லை. சில ஆண்டுகளிலேயே அவர் வேலையிழந்தார். பிராட் பேர்ட்டும் அங்கு நிலைக்கவில்லை. பேர்ட்டன் 1984 இல் ஆக்கிய ‘பிராங்கன்வீனி’ என்ற குறும்படம் சிறுவருக்கு அச்சமூட்டுவதெனக் கருதி ஒதுக்கப்பட்டது; அவரும் வெளியேறினார். தொழிலுக்கென்றே திட்டமிட்டு வளர்க்கப்பட்ட மாணவரைத் தொழில் தானே ஏற்க மறுத்தது! அதே ‘பிராங்கன்வீனி’யின் முழுநீள வடிவத்தை அதே நிறுவனம் 2012 இல் வெளியிட்டது. தொழிலின் இன்றைய தேவையை அளவுகோலாகக் கொண்டு கல்வியை வகுத்தால், அத்தேவை நாளை மாறும்போது கல்வியின் நிலை யாதாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வேலையிழந்த லாசெற்றர் லூகாஸ்பில்ம் நிறுவனத்தின் கணனிப் பிரிவைச் சேர்ந்தார். அப்பிரிவே 1986 இற் பிக்ஸார் என்ற தனி நிறுவனமாயிற்று. அவ்வாண்டில் வெளிவந்த ‘லக்சோ ஜூனியர்’ என்ற குறும்படத்தில் இரு மேசைவிளக்குகளே பாத்திரங்கள். கணனி வரைகலை மாநாட்டில் அது திரையிடப்பட்டபின், அத்துறையில் முதன்மை பெற்ற அறிஞரான ஜிம் பிளின் லாசெற்றரை அணுகினார். நிழல்கள் எவ்வாறு கணிக்கப்பட்டன என்றே அவர் கேட்பாரென லாசெற்றர் எதிர்பார்த்திருந்தார். பெரிய விளக்கு தாயா, தந்தையா என்பதே பிளின் கேட்ட வினா. இரும்பும் சுருள்வில்லுமாகிய பொருளிடத்துப் பெற்றோரின் பரிவை ஒரு கணித அறிஞர் கண்டுகொண்டார். இவ்வாற்றலைக் கணனி தரவில்லை. பென்சிலைக் கொண்டு வரைந்த மாணவப் பருவத்தில், விளக்கொன்றைச் சுற்றிப் படமாக்கிய அக்காலத்திலேயே அது பயிலப்பட்டிருந்தது.

1987 இல் லாசெற்றர் அதே மாநாட்டில் ஓர் ஆய்வுக்கட்டுரை சமர்ப்பித்தார். டிஸ்னியின் முதுபெருங் கலைஞர்களான பிராங் தோமஸும் ஒலி ஜோன்ஸ்ரனும் 1981 இல் வெளியிட்ட நூலிலே தொகுத்த அடிப்படைத் தத்துவங்கள் கணனிக்கும் பொருந்துமென அதில் விளக்கினார். உடல் நசிந்து நீளுதல், செயலுக்கு முன் அதற்கான ஆயத்தம் புலப்படுதல், அசைவின் காலவளவு ஆகியன அத்தத்துவங்களுட் சில. பாய்பவன் முதலிற் பின்வாங்குகின்றான். பாரமான பொருள் மெல்லப் புறப்படுகின்றது. இவை எந்தக் கருவியாலும் மாறுவனவல்ல. 1995 இல் ‘ரோய் ஸ்ரோறி’ வெளிவந்து, முழுவதும் கணனியால் ஆக்கப்பட்ட முதல் முழுநீளப் படமென்ற சிறப்பைப் பெற்றது. அதன்பின் பத்தாண்டு கழிவதற்குள் பென்சிலாற் படமாக்குங் கூடங்கள் பல ஒடுங்கின. 2004 ஜனவரியில் ஒர்லாண்டோவிலிருந்த டிஸ்னி கூடம் மூடப்பட்டது. கருவியை மட்டுமே அறிந்தவருக்கு அது தொழிலின் முடிவாயிற்று. அசைவின் இயல்பை அறிந்தவர் புதிய கருவியைக் கற்றுக்கொண்டு தொடர இயன்றது. அவர்களுக்கும் அது எளிதாயிருக்கவில்லை என்பதையும் மறுத்தலாகாது.

எங்கலின் துறையிலிருந்து தொழிலுக்குள் வந்தோர் கதையும் இதனோடு வைத்து நோக்கத்தக்கது. ஸ்ரீபன் ஹிலன்பேர்க் கடலுயிரியல் கற்பித்தவர். அலைபடு கரையின் உயிரினங்களைப் பற்றிச் சிறுவருக்கெனச் சித்திரக்கதையொன்றும் வரைந்தவர். வயது முப்பதை அணுகும்போது அவர் பரிசோதனை இயங்குபடத் துறையிற் சேர்ந்து, 1992 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1999 இல் அவரது ‘ஸ்பொஞ்ச்பொப்’ தொலைக்காட்சியில் தொடங்கியது. கடற்பஞ்சும் நட்சத்திர மீனும் நண்டும் பாத்திரங்களாக உலாவும் அத்தொடர் உலகெங்கும் பரவியதை விளக்கவேண்டியதில்லை. தொழிலைக் குறித்துக் கற்பிக்காத துறையிலிருந்தே தொழிலுக்குப் பெரும் பொருளீட்டிய படைப்பு வந்தது. அவர் கொண்டுவந்த செல்வம் கடலைப் பற்றிய அறிவாகும். இக்கலையைக் கற்கும் மாணவர் இக்கலையை மட்டுமே அறிந்தவராயிருத்தல் போதாதென்பதை இது உணர்த்துகின்றது. இலக்கியமும் விலங்கியலும் வரலாறும் பயிலும் மாணவர் நடமாடும் பல்கலைக்கழகம், தனித்த பயிற்சிக்கூடம் தரவியலாத ஒன்றை இவ்விடத்தே தருகின்றது.

எனினும், கலையின் பெருமையை மட்டும் சொல்லி மாணவரைத் தொழிலுக்குள் அனுப்புதல் நேர்மையாகாது. அத்தொழிலின் பொருளாதாரத்தையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஒருவர் மற்றவரின் ஊழியரை அழைத்துக்கொள்வதில்லையெனப் பெருநிறுவனங்கள் தமக்குள் உடன்பட்டு ஊதியம் உயராது தடுத்தன என இயங்குபடக் கலைஞர் தொடுத்த வழக்கு, 2017 அளவில், ஏறத்தாழ 17 கோடி டொலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. அயற்துறையாகிய காட்சி விளைவுத் துறையிலும் இத்தகைய முரண்பாடு உண்டு. 2013 பெப்ரவரியில் ‘லைப் ஒவ் பை’ படத்துக்காக ஒஸ்கார் விருது பெற்ற நிறுவனம், விருது கிடைப்பதற்குச் சில நாட்கள் முன்னரே வங்குரோத்து அறிவித்திருந்தது. கரவொலிக்கும் ஊதியத்துக்கும் தொடர்பில்லை என்பதை இத்துறை பலமுறை காட்டியுள்ளது.

பெண்களின் நிலை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1938 இல் டிஸ்னி நிறுவனத்துக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு, ஆக்கப்பணிகளைப் பெண்கள் செய்வதில்லையென்றும் மைபூசி வண்ணந் தீட்டும் பணியே அவர்களுக்கு உரியதென்றும் பதில் அனுப்பப்பட்டது. 1975 இன் வகுப்பிலும் பெண்கள் மிகச் சிலரே. 2010களின் நடுப்பகுதியிலோ கலிபோர்னியா கலைநிறுவனத்தின் பாத்திர இயங்குபடத் துறையிற் பெண்களே பெரும்பான்மையினராயினர். ஆயினும் படங்களை நெறிப்படுத்துவோரில் அவர்கள் தொகை சிறிதாகவே இருந்தது. அந்நிறுவனத்திற் பயின்ற பிரெண்டா சப்மன், 1998 இல் வெளிவந்த ‘எகிப்தின் இளவரசன்’ படத்தை நெறிப்படுத்திய மூவருள் ஒருவர். தம் மகளோடு தமக்கிருந்த உறவைக் கருவாக்கி அவர் தொடங்கிய ‘பிரேவ்’ என்ற படத்தின் நெறியாள்கையிலிருந்து இடைநடுவில் நீக்கப்பட்டார். 2013 இல் அப்படம் ஒஸ்கார் பெற்றபோது, அவரும் அவரிடத்துக்கு வந்தவரும் மேடையில் அதனைப் பகிர்ந்துகொண்டனர். பிக்ஸாரின் ஆக்கத் தலைவராயிருந்த லாசெற்றர், உடன் பணியாற்றியோரிடம் அவர் நடந்துகொண்ட முறை பற்றிய முறைப்பாடுகளின் பின் 2018 முடிவில் அந்நிறுவனத்தை விட்டு விலகினார். வகுப்பறை வாயில் திறந்துவிட்டால் தொழிலின் வாயிலும் தானே திறக்குமென எண்ணுதல் பேதைமை என்பதற்கு இவை சான்றாகும்.

இன்று மற்றுமொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. 2022 இன் பின், சொற்களாற் கட்டளையிட்டவுடன் சித்திரத்தையும் அசைவையும் ஆக்கித்தருங் கணனி நிரல்கள் பெருகியுள்ளன. கலைஞரின் அனுமதியின்றி அவர்தம் சித்திரங்களைக் கொண்டே அவை பயிற்றப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு நீதிமன்றங்கள் வரை சென்றுள்ளது. இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இயந்திரம் முதலிற் பற்றிக்கொள்வது இடைச்சித்திரம் போன்ற தொடக்கநிலைப் பணிகளையே. அவை வெறுங் கூலிவேலைகளல்ல. புதியவர் தொழிலைப் பயின்ற படிக்கட்டுகள். கீழ்ப்படிகளை அகற்றிய ஏணியில் மேலேறுவது எவ்வாறு? தொழிற்கூடம் தந்துவந்த பயிற்சி அருகுமாயின் அதனைத் தரவேண்டிய பொறுப்பும் பல்கலைக்கழகத்தையே சாரும். ஆண்டொன்றுக்கு 50,000 டொலருக்கு மேற் கட்டணஞ் செலுத்தி இக்கல்வியைப் பெறும் அமெரிக்க மாணவரின் நிலையில், இது ஏட்டளவிலான வினாவன்று. கடன்பட்டுக் கற்ற ஒருவர் அக்கடனை எவ்வாறு தீர்ப்பார் என்ற வினாவாகும்.

இந்நிலையிற் பல்கலைக்கழகம் செய்யத்தக்கது யாது? அவ்வப்போது சந்தையில் வரும் நிரலைக் கற்பித்தல் தவிர்க்கவியலாதது. அது தெரியாதவரை எந்தக் கூடமும் ஏற்காது. ஆனால் அதனையே கற்கைநெறியின் நடுவாக அமைத்தால், மாணவர் பட்டம் பெறும் ஆண்டிலேயே அக்கல்வி பழையதாகத் தொடங்கிவிடும். உயிருள்ளவற்றை அவதானித்து வரைதல், நடிப்பு, கதையமைப்பு, இசையின் காலக்கணக்கு ஆகியன நடுவிலிருத்தல் வேண்டும். ஒப்பந்தம், பதிப்புரிமை, தொழிற்சங்கம் ஆகியவை பற்றிய அறிவும் அவற்றோடு கற்பிக்கப்படவேண்டும். பட்டம் பெற்றபின் பட்டறிந்து கற்பதற்கு விடப்படலாகாது. எங்கலின் துறைக்கும் ஹனாவின் துறைக்கும் இடைப்பட்ட கதவு எப்பொழுதும் திறந்திருத்தல் நன்று. எங்கலிடம் பயின்ற ஹென்றி செலிக் நெறிப்படுத்த, மற்றைத் துறையிற் பயின்ற ரிம் பேர்ட்டனின் கதையிலிருந்து உருவான படம் 1993 இல் வெளிவந்தது. கிறிஸ்மஸுக்கு முந்திய கெட்ட கனவைப் பற்றிய அப்படத்தை இரு துறைகளும் சேர்ந்து பெற்ற பிள்ளை எனலாம்.

கலிபோர்னியா கலைநிறுவனத்தில் மாணவர் ஆண்டுதோறும் ஒரு குறும்படத்தைத் தாமே ஆக்குகின்றனர். கதையும் சித்திரமும் காலவளவும் அவருடையவை, பிழையும் அவருடையதே. ஆண்டிறுதியில் அப்படங்களைக் காணத் தொழில் நிறுவனத்தினர் வந்து, தமக்கு வேண்டியவரைத் தெரிந்தெடுப்பர். தெரிந்தெடுக்கப்பட்டவர் மறுநாள் முதல் நூற்றுக்கணக்கானோருள் ஒருவராகிப் பிறரது கதையில் ஒரு சிறு பகுதியை வரைவார். தம் விருப்பப்படி முழுப்படமொன்றை ஆக்கும் வாய்ப்புப் பலருக்கு வாழ்நாளில் மீண்டும் கிட்டுவதில்லை. அக்குறும்படத்தை வேலைக்கான விண்ணப்பமாக மட்டும் கருதும் மாணவர், முன்னவர் விரும்பப்பட்ட பாணியையே பின்பற்றி வரைவார். அவரைப்போன்ற பலர் அவ்வாண்டிலே இருப்பர். தமக்கு உண்மையில் தெரிந்த ஒன்றை, தாம் கண்ட மனிதரை, தம் ஊர்க் கடற்கரையை அதில் வைப்பவருக்கு உடனே வேலை கிடைக்குமென உறுதி கூறவியலாது. ஆனால் வேலை போனாலும் கருவி மாறினாலும் அவரிடம் எஞ்சியிருப்பது அதுவே. அதற்கு வேண்டிய காலத்தையும் இடத்தையும் நல்லாசிரியரையும் நான்கு ஆண்டுகளுக்கேனும் மாணவருக்கு வழங்குவதே பல்கலைக்கழகத்தின் கடன்.